அனுமதிக்கப்பட்ட பிழை

மேலூர் ரோட்டில் சிட்டம்பட்டி டோல்கேட் தாண்டி
இடதுகைப் பக்கம் என் எடைமேடை.
அறுபது டன் தாங்கும்.
ஜல்லி, எம்சாண்ட், சீசனில் கரும்பு.
இருபது கிலோவுக்குக் கீழே உலகில் எதுவும்
இருப்பதாக அதற்குத் தெரியாது.

அண்ணன் மகள் முத்தரசி ஏறி நிற்பாள்.
"சித்தப்பா, நான் எவ்வளவு?"
திரையில் பூஜ்யம்.
குதிப்பாள்.
ஒரு கணம் இருபது வந்து அணையும்.
"பாத்தியா, இருக்கேன்ல!"

பெரியாற்றுக் கால்வாய்க் கரையில்
அவளையும் அண்ணனையும் ஒரே தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள்.
ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது
எடை: பத்தொன்பது.

அரிதினும் அரிதான வழக்கு என்றார் நீதிபதி.
சேவுகமூர்த்திக்குத் தூக்கு.
கச்சிராயனுக்கும்.
பேனா முனையை மேசையில் குத்தி உடைத்தார்.
அந்தச் சின்னச் சத்தத்துக்குத்தான்
மதினி முதன்முதலாக அழுதாள்.
நான் கோர்ட்டுக்கு எதிரே நாலு பரோட்டா தின்றேன்.
பசித்தது. மறைப்பானேன்.

வக்கீல் குமாஸ்தா டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"முந்தின நாள் மண்மூட்டையத் தொங்கவிட்டுப் பாப்பாங்க.
ஆளோட எடை மாதிரி ஒன்றரை மடங்கு."
அன்றிரவு யாருமில்லாத மேடையில்
நூற்றைந்து கிலோ மணலை மூட்டை கட்டி வைத்தேன்.
திரை நூறு என்றது.
மூர்த்தி, டேய் மூர்த்தி என்று உதைத்தேன்.
விரல்நகம் பெயர்ந்தது.
மணலுக்கு என்ன வந்தது.
அந்த ஐந்து கிலோ எங்கே போயிற்று என்று
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளர் வருவார்.
படிக்கற்களை ஏற்றி இறக்கிப் பார்த்து
"இவ்வளவு பிழைக்கு அனுமதி உண்டு" என்று
சீல் வைத்துப் போவார்.

நாலு வருஷம்.
யானைமலைக்கு எதிரே பெரிய கோர்ட்டில்
ஒரு பனியன் கம்பெனியின் வருகைப் பதிவேட்டை விரித்தார்கள்.
அன்றிரவு கச்சிராயன் திருப்பூரில்,
இரவு ஷிப்டில், ஆறாம் நம்பர் மெஷினில்.
நான் கண்டது
பைக் வெளிச்சத்தில் ஒரு கட்டம்போட்ட சட்டை,
ஒரு மீசை.
"இவன்தான்" என்று நீட்டினேன்.
இந்த விரல்தான்.
சீட்டு அடிக்கும் விரல்.

கச்சிராயனை விட்டார்கள்.
மூர்த்திக்குக் கயிறு போய் முப்பது வருஷம் ஆயிற்று.

"ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீரு" என்கிறாள் மதினி.
"இவன் செய்யல, விட்டாக. சரி.
அவன் செஞ்சான். கத்தியோட அவனே ஸ்டேசனுக்குப் போனான்.
அவனுக்கு மூணு வேளை சோறு போடுது சர்க்காரு.
எம்மகளுக்கு யாரு போடுவா?"
பதிலில்லை என்னிடம்.
அவன் சாகட்டும் என்றுதான் எனக்கும் காலையில் தோன்றுகிறது.
இரவில் வேறு மாதிரி.
கயிறு ஒன்றுதானே மதினி,
அது கேட்டது என் வாய்ச்சொல்லைத்தானே
என்று சொல்ல வாயெடுத்து
சோற்றைப் பிசைகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு டிப்பர் வந்தது.
ஜல்லி லோடு.
ஸ்டியரிங்கில் கச்சிராயன்.
நரைத்திருந்தான், மீசை இல்லை.
எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன்:
"டிரைவரோடயா, டிரைவர் இல்லாமலா?"

என்னை ஒருமுறை பார்த்தான்.
கதவைத் திறந்து இறங்கி
மேடையை விட்டு வெளியே
வேப்பமர நிழல்வரை போய் நின்றான்.

திரையில்
அறுபது குறைந்தது.